டூலாங் தட்டில் விந்தணு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் கம்பார், கோப்பெங் பக்கத்து ஆறுகளில் முழங்கால் தண்ணீரில் குனிந்து நின்று ஈயம் அலசிய பெண்களை என் வயதுக்காரர்கள் பலர் பார்த்திருப்பார்கள். பெரும்பாலும் சீனப் பெண்கள். அகன்ற ஓலைத் தொப்பி, முகத்தைச் சுற்றித் துணி, கையில் டூலாங். நடுவில் இலேசாகக் குழிந்த பெரிய மரத்தட்டுக்குத்தான் அந்தப் பெயர். ஆற்று மணலை ஒரு வாரி அள்ளிப் போட்டு, தண்ணீரோடு வட்டமாகச் சுழற்றுவார்கள். மணல் விளிம்பைத் தாண்டி வழிந்து போகும். சுழற்றச் சுழற்ற, கடைசியில் குழியில் ஒரு சிட்டிகை கறுப்புப் பொடி நிற்கும். அதுதான் ஈயக்கல். அதன் எடை தண்ணீரைப்போல் ஏறக்குறைய ஏழு மடங்கு. மணலின் எடை இரண்டரை மடங்குக்குச் சற்று மேல். அந்த வித்தியாசத்தைக் கை அறிந்திருந்தது. தராசு தேவைப்படவில்லை.

பல ஆண்டுகள் கழித்து ஓர் ஆய்வுக்கூடத்தில் சோதனைக்குழாயின் அடியில் வெண்மையாகப் படிந்திருந்த காளை விந்தணுக்களைப் பார்த்தபோது எனக்கு அந்தக் கறுப்புப் பொடிதான் நினைவுக்கு வந்தது. நடந்தது அதே வேலை. கனத்தவை கீழே இறங்கியிருந்தன, மற்றவை மேலே தங்கிவிட்டன. மேலே தங்கியதைப் பெரும்பாலும் இறந்தவை என்று தள்ளிவிட்டு, கீழே இருந்ததை எடுத்துக் கருமுட்டைகளோடு சேர்க்கப் போனார்கள்.

உறைய வைத்து, பிறகு உருக்கிய விந்திலிருந்து நல்ல விந்தணுக்களை எப்படிப் பிரித்தெடுக்கிறார்கள் என்பதுதான் இந்த அத்தியாயம். அதற்கு முன், ஏன் பிரிக்க வேண்டும் என்று பார்த்துவிடலாம்.

ஒரு காளை ஒரு தடவை தரும் விந்து ஏறக்குறைய ஐந்து மில்லிலிட்டர். ஒரு மில்லிலிட்டரில் நூறு கோடி விந்தணுக்கள் வரை இருக்கும். மலேசியாவில் பகாங் மாநிலத்து ஜெராந்துட்டில் உள்ள தேசியக் கால்நடைப் பல்லுயிர் நிலையத்திலும், தமிழ்நாட்டில் ஈச்சங்கோட்டை, ஓசூர், உதகமண்டலம் போன்ற உறைவிந்து நிலையங்களிலும் இதை முட்டையின் மஞ்சள் கருவோ சோயா லெசித்தினோ சேர்ந்த கரைசலில் கலந்து, கிளிசரால் விட்டு, கால் மில்லிலிட்டர் பிடிக்கும் மெல்லிய பிளாஸ்டிக் குச்சிகளில் அடைக்கிறார்கள். ஒரு குச்சியில் வழக்கமாக 2 கோடி விந்தணுக்கள். மலேசியக் கணக்கில் 20 மில்லியன். குச்சிகள் திரவ நைட்ரஜனில், பூஜ்யத்துக்கு 196 டிகிரி கீழே, ஆண்டுக்கணக்கில் கிடக்கும். தேவைப்படும்போது எடுத்து 37 டிகிரி வெந்நீரில் அரை நிமிடம் போட்டால் மறுபடி நீந்தும்.

ஆனால் எல்லாம் நீந்துவதில்லை. உறைந்து உருகும் இந்தப் பயணத்தில் ஏறக்குறைய பாதி செத்துப் போகிறது. உருக்கிய பிறகு நூற்றுக்கு ஐம்பதாவது நகர்ந்தால்தான் குச்சியை விநியோகிக்கலாம் என்பது இந்தியாவில் உறைவிந்து நிலையங்களுக்கு விதித்திருக்கும் அளவுகோல். அதாவது பாதி சாவது தோல்வியாகவே எண்ணப்படுவதில்லை. அந்தப் பாதி பிழைப்பதே ஒரு சாதனை என்பதை, அது எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது என்று தெரிந்தால் புரிந்துகொள்ளலாம்.

லண்டன் மில் ஹில்லில் 1940-களின் கடைசியில் கிறிஸ் போல்ஜ், ஆட்ரி ஸ்மித், ஆலன் பார்க்ஸ் மூவரும் சேவலின் விந்தை உறைய வைக்கப் போராடிக்கொண்டிருந்தார்கள். பழச்சர்க்கரைக் கரைசலில் கலந்து உறைய வைத்துப் பார்த்தார்கள், சரிவரவில்லை. வேலையை நிறுத்திவிட்டு, மாதங்கள் கழித்து, குளிரறையில் வைத்திருந்த அதே புட்டியை எடுத்து மறுபடி முயன்றார்கள். இந்த முறை விந்தணுக்கள் உயிரோடு எழுந்தன. புதிதாகச் சர்க்கரைக் கரைசல் கலந்து செய்து பார்த்தால் மறுபடியும் தோல்வி. பழைய புட்டியில் மட்டும் என்ன இருக்கிறது? மிச்சமிருந்த சில மில்லிலிட்டரைச் சோதனைக்குக் கொடுத்தார்கள். அதில் சர்க்கரையே இல்லை. கிளிசராலும் முட்டை வெள்ளைக்கருப் புரதமும் இருந்தன. உடல் திசுவை மெல்லிசாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டப் பயன்படுத்தும் பசை அது. குளிரறையில் எப்போதோ புட்டிகளின் சீட்டு மாறியிருந்தது. 1949-இல் அவர்கள் இதை வெளியிட்டார்கள். 1951-இல் உறைவிந்தால் முதல் கன்று பிறந்தது. சீட்டு மாறியதைப் பலர் அதிர்ஷ்டம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த மிச்சத்தைக் கொட்டிவிடாமல், இது ஏன் வேலை செய்தது என்று கேட்டார்களே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

கிளிசரால் செய்வது என்ன? தண்ணீர் உறையும்போது முதலில் விந்தணுவுக்கு வெளியே பனிப்படிகம் உண்டாகிறது. வெளியே மிச்சமுள்ள நீரில் உப்பு செறிவாகிக்கொண்டே போகும். அது அணுவுக்குள்ளிருக்கும் நீரை உறிஞ்சும். மெதுவாக உறைய வைத்தால் அணு உப்பில் காய்ந்து சாகிறது. வேகமாக உறைய வைத்தால் நீர் வெளியேற நேரமில்லாமல் உள்ளேயே படிகமாகிக் கிழிக்கிறது. இந்த இரண்டு மரணங்களுக்கும் நடுவில் ஓர் ஒற்றையடிப் பாதை இருக்கிறது என்று விளக்கியவர் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் வேலை செய்த பீட்டர் மேசர். கிளிசரால் அந்தப் பாதையைக் கொஞ்சம் அகலமாக்குகிறது. அவ்வளவுதான். அகலமாக்கிய பாதையிலும் பாதிப் பேர் தவறி விழுகிறார்கள். உறைவதற்கு வெகு முன்பே, 15 டிகிரிக்குக் கீழே குளிரும்போதே, விந்தணுவைச் சுற்றியுள்ள கொழுப்புச் சவ்வு நெய் உறைவதுபோல் இறுக ஆரம்பித்துவிடும். உருகி எழும்போது சிலவற்றுக்குத் தலையிலுள்ள தொப்பி கழன்றிருக்கும். கருமுட்டையின் உறையைத் துளைக்கும் நொதிகள் அந்தத் தொப்பிக்குள்தான் இருக்கின்றன. வால் நன்றாகத் துடிக்கும், தலையில் ஆயுதம் இருக்காது. நுண்ணோக்கியில் மேலோட்டமாகப் பார்த்தால் ஆரோக்கியமாகவே தெரியும்.

செத்தவை சும்மா கிடந்தால் பிரிக்க வேண்டிய அவசியம் குறைவு. அவை சும்மா கிடப்பதில்லை. காளை விந்தணு ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாக்குகிறது என்றும், அது விந்தணுவின் சுவாசத்தையே அடக்குகிறது என்றும் டோசிக், வால்டன் இருவரும் 1946-இல் காட்டினார்கள். காளையின் இறந்த விந்தணுக்களிலிருந்து வரும் ஒரு நொதி, மஞ்சள் கருவிலுள்ள சில அமினோ அமிலங்களை எரித்து இந்த நஞ்சைப் பெருக்குகிறது என்பது 1970-களில் தெளிவானது. கூடவே கிடக்கும் உயிருள்ள விந்தணுக்களின் சவ்வை அது அரிக்கிறது. செத்தவை உயிருள்ளவற்றுக்கு நஞ்சு வைக்கின்றன. ஆகவே பிரிப்பது அழகுக்காகச் செய்யும் வேலை இல்லை.

பசு தன் உடம்புக்குள்ளேயே இந்தப் பிரிப்பைச் செய்கிறது. இதைச் சொல்லாமல் ஆய்வுக்கூட முறைகளை மட்டும் அடுக்கினால் அவை எங்கிருந்து வந்தன என்று வாசகருக்குப் புரியாது. காளை பசுவைச் சேரும்போது விந்து கருப்பை வாய்க்கு வெளியே விழுகிறது. கருப்பை வாயில் பருவகாலத்தில் கண்ணாடிபோல் வழும்பு நிறைந்திருக்கும். கருப்பை வாயின் சுவரில் நெடுக ஓடும் நுண்ணிய பள்ளங்கள் உண்டு. நேராக நீந்தத் தெரிந்த விந்தணுக்கள் அந்தப் பள்ளங்களைப் பிடித்துக்கொண்டு, வெளிநோக்கி வரும் வழும்பின் ஓட்டத்தை எதிர்த்து ஏறுகின்றன. நீந்த முடியாதவை அங்கேயே அடித்துச் செல்லப்படுகின்றன. அதற்கு மேலே கருப்பையும் கருமுட்டைக் குழாயும் சேரும் இடத்தில் இன்னொரு குறுகல். அதையும் தாண்டியவை குழாயின் சுவரில் தலையை ஒட்டிக்கொண்டு முட்டை வரும்வரை காத்திருக்கும். சவ்வு சிதைந்தவற்றால் ஒட்ட முடியாது. நூற்றுக்கணக்கான கோடிகளில் தொடங்கிய கூட்டம் முட்டையருகே ஆயிரங்களாகச் சுருங்கிவிடும்.

சினை ஊசி போடும்போது என்ன நடக்கிறது? ஊசிக்குழல் கருப்பை வாயைத் தாண்டிப் போய் உள்ளே விந்தை விடுகிறது. பசுவின் முதல் சல்லடையை நாமே தாண்டிவிடுகிறோம். அதனால்தான் 2 கோடியே போதுமாகிறது. ஆனாலும் அடுத்த சல்லடைகள் இருக்கின்றன. கண்ணாடித் தட்டில் கருத்தரிக்க வைக்கும்போதுதான் நிலைமை மாறுகிறது. அங்கே வழும்பும் இல்லை, பள்ளமும் இல்லை, குழாய்ச் சுவரும் இல்லை. ஒரு துளிக் கரைசல், அதில் சில முட்டைகள். பசு செய்த வேலையை யாராவது செய்தாக வேண்டும்.

எல்லாவற்றிலும் எளிய முறை நீந்தவிட்டுப் பிடிப்பது. உருக்கிய விந்தைச் சோதனைக்குழாயின் அடியில் மெதுவாக விட்டு, மேலே தெளிந்த ஊட்டக் கரைசல் இருக்கும்படி செய்கிறார்கள். குழாயைச் சாய்த்து, பசுவின் உடல் சூடான 38.5 டிகிரியில் ஒரு மணி நேரம் வைக்கிறார்கள். பலமுள்ளவை மேலே நீந்தி வந்துவிடும். மேல் பகுதியை மட்டும் உறிஞ்சி எடுக்க வேண்டும். இயந்திரம் வேண்டாம், விலையுயர்ந்த திரவம் வேண்டாம். குறை என்னவென்றால் கிடைப்பது கொஞ்சம். நகரும் விந்தணுக்களிலேயே பத்தில் ஒன்று கிடைத்தால் நல்லது. ஏற்கெனவே களைத்துப்போன உறைவிந்தை ஒரு மணி நேரம் நீந்தச் சொல்வது கடுமையான தேர்வு. நல்ல நாளில் தேறியிருக்கக்கூடிய பலவும் இந்தத் தேர்வில் விழுந்துவிடுகின்றன.

இரண்டாவது முறை டூலாங்குக்கு நெருங்கிய உறவு. அதில் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

பெர்கால் என்பது சுவீடனின் ஃபார்மேசியா நிறுவனம் 1970-களில் கொண்டுவந்த ஒரு திரவம். கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய சிலிக்கா மணிகள், ஒரு பாலிமர் மேலுறையோடு தண்ணீரில் மிதக்கும். சிலிக்கா என்றால் என்ன? நம் ஆற்று மணலின் உடம்பே அதுதான். பேராக்கின் கிந்தாப் பள்ளத்தாக்கில் ஈயத்தை எடுத்துக்கொண்டு வேண்டாமென்று கொட்டிய வெண்மணல் மேடுகள் இன்னமும் கிடக்கின்றனவே, அந்தக் குவார்ட்ஸ் மணலும் இந்த ஆய்வுக்கூட மணிகளும் ஒரே பொருளாலானவை. ஈயச் சுரங்கமான லம்பத்தில் தள்ளிவிட்டது இங்கே தேர்வாளராக உட்கார்ந்திருக்கிறது.

குழாயில் அடியில் அடர்ந்த கரைசல், 90 சதவீதம். அதன்மேல் அரைவாசிச் செறிவில் இன்னொன்று, 45 சதவீதம். இரண்டும் கலக்காமல், கையை நடுங்கவிடாமல் ஊற்ற வேண்டும். பழகாதவர் ஊற்றினால் நடுக்கோடு கலங்கிப்போகும். என் முதல் முயற்சிகள் அப்படித்தான் முடிந்தன. எல்லாவற்றுக்கும் மேலே உருக்கிய விந்து. பிறகு குழாயை மையவிலக்கு இயந்திரத்தில் வைத்து, பூமியின் இழுப்பைப்போல் எழுநூறு மடங்கு விசையில் இருபது முப்பது நிமிடம் சுழற்றுகிறார்கள். முட்டைக் கருத் துகள்கள், கரைசலின் குப்பை, சவ்வு கிழிந்த விந்தணுக்கள் எல்லாம் மேல் அடுக்கிலோ நடுக்கோட்டிலோ தங்கிவிடும். முதிர்ந்த, முழுமையான விந்தணுவின் தலையில் மரபுப்பொருள் கயிற்றுச் சுருள்போல் இறுக்கிக் கட்டப்பட்டிருக்கும். அந்தத் தலை கனமானது. அது 90 சதவீதத்தையும் துளைத்துக்கொண்டு அடியில் போய்ச் சேரும். நீந்தவிடும் முறையைவிட இதில் கைக்கு வருவது பல மடங்கு அதிகம். உறைவிந்தில் ஏற்கெனவே பாதி போய்விட்டதால், மாட்டுக் கரு ஆய்வுக்கூடங்கள் பலவும் இதையே விரும்பின. 1996-க்குப் பிறகு மனிதச் சிகிச்சைக்கு பெர்கால் விற்கப்படவில்லை; வேறு மேலுறையிட்ட சிலிக்கா வந்துவிட்டது. மாட்டுக் கூடங்களில் பெர்கால் தொடர்ந்தது.

ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு மையவிலக்கு இயந்திரம் புதிதில்லை. ஸ்டோருக்குப் போன ரப்பர் பால் எல்லாம் ஷீட்டாகவில்லை. சில ஆலைகளில் அதை அமோனியா கலந்து, சுழலும் கிண்ணங்களில் விட்டார்கள். மரத்திலிருந்து வரும்போது மூன்றில் ஒரு பங்கு அளவே ரப்பர் இருந்த பால், வெளியே வரும்போது 60 சதவீதமாகத் திரண்டிருக்கும். அங்கே ரப்பர் துகள் லேசானது. அது நடுவுக்கு வரும், நீர் வெளியே ஓடும். இங்கே நமக்கு வேண்டியது கனமானது. அதே சுழற்சி, எதிர்ப்பக்கத்து அறுவடை. கண்ணை எரிக்கும் அந்த அமோனியா வாசனை மட்டும் ஆய்வுக்கூடத்தில் இல்லை.

இரண்டு அடுக்குகளை ஊற்றும் சிரமத்தை ஒழித்தவர் சுவீடன் வேளாண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேன் மாரெல். ஒரே அடுக்கு சிலிக்காக் கரைசல் போதும் என்று அவர் காட்டினார். பெரிய குழாய்களில் செய்யலாம். குதிரை, பன்றி விந்துக்கும் பொருந்தும். பாக்டீரியாவில் பெரும்பகுதியையும் அது வடித்துவிடுகிறது என்பது கூடுதல் லாபம். விந்தில் ஆண்டிபயாட்டிக் சேர்ப்பதைக் குறைக்க வேண்டிய இன்றைய நிலையில் அது சின்ன விஷயமில்லை.

எடையும் வேகமும் போதாத இடத்தில் மூன்றாவது வழி, சாகப்போவதைப் பிடித்து இழுப்பது. சாகத் தொடங்கிய அணு, சவ்வின் உட்புறத்தில் இருக்கவேண்டிய ஒரு கொழுப்பு மூலக்கூறை வெளிப்பக்கமாகத் திருப்பிவிடும். அதை மட்டும் பற்றும் புரதத்தை நுண்ணிய இரும்பு மணிகளில் பூசி விந்தில் கலந்து, காந்தத்துக்கு நடுவே ஓடவிட்டால் சாகப்போகிறவை காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும், மற்றவை கடந்து போகும். இதுவும் பேராக்காரர்கள் அறிந்த வித்தைதான். ஈயம் எடுத்த பிறகு மிஞ்சும் கறுப்பு மணலுக்கு அமாங் என்று பெயர். அதிலிருந்து இல்மனைட்டைக் காந்தத்தால் பிரித்தெடுக்கும் கொட்டகைகள் கிந்தாவில் இருந்தன.

கண்ணாடிப் பஞ்சு வழியாகவும், செபாடெக்ஸ் மணிகள் நிரப்பிய தம்பத்தின் வழியாகவும் வடிகட்டுவது உண்டு. செத்தவை அவற்றில் ஒட்டிக்கொள்ளும். இந்திய ஆய்வாளர்கள் எருமை விந்திலும் கலப்பினக் காளை விந்திலும் இதை நிறையச் சோதித்திருக்கிறார்கள். மலிவான வழி. ஆனால் குச்சிக்குக் குச்சி ஒரே மாதிரி வருவதில்லை என்பதால் எனக்கு இதில் நம்பிக்கை குறைவு.

புதிய தலைமுறையின் முறை, பசுவின் பள்ளங்களுக்கே திரும்பிப் போகிறது. தலைமுடியின் தடிமனில் வாய்க்கால்கள் வெட்டிய சிறு தகடு. அதில் கரைசல் மெதுவாக ஓடும். உயிருள்ள விந்தணு ஓட்டத்தைக் கண்டால் தலையைத் திருப்பி எதிர்த்து நீந்தும்; சுவரோரமாகவே போகும். அந்தக் குணத்தை நம்பி வாய்க்காலை வளைத்தும் பிரித்தும் வைத்தால் மறுமுனையில் நல்லவை சேரும். சுழற்றுவது இல்லை, அழுத்துவது இல்லை. உறைந்து உருகிச் சவ்வு மெலிந்த விந்தணுவுக்கு மையவிலக்கின் விசை ஒரு கூடுதல் அடி என்பதால் இந்த மென்மை முக்கியம்.

கிடேரி வேண்டுமா காளைக்கன்று வேண்டுமா என்று பிரிப்பது வேறு கதை. காளையின் எக்ஸ் விந்தணுவில் ஒய் விந்தணுவைவிட ஏறக்குறைய 3.8 சதவீதம் மரபுப்பொருள் அதிகம். அதற்குச் சாயமேற்றி, ஒவ்வொன்றாக லேசர் ஒளியின் முன் ஓடவிட்டு, மின்னூட்டம் கொடுத்து இடமும் வலமும் தள்ளும் முறையில் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில்லில் லாரன்ஸ் ஜான்சன் குழு 1989-இல் முயல்களை ஈன வைத்தது. இன்று பத்துக் கன்றில் ஒன்பது கிடேரியாகக் கிடைக்கும் அளவுக்குத் துல்லியம். இந்தியாவில் தேசியப் பால்வள வாரியத்தின் கௌசார்ட் என்ற பிரிப்பு முறை 2024 அக்டோபரில் வெளியானது. இந்த விந்து பிரித்த பிறகு உறைய வைக்கப்படுவது. நாம் பேசுவது உறைந்து உருகிய பிறகு பிரிப்பதை. அதனால் இதை இங்கேயே விடுகிறேன்.

இத்தனை முறைகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இது. ஒவ்வொரு முறையும் விந்தணுவிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறது. நீந்துவாயா? கனமாக இருக்கிறாயா? சாக ஆரம்பித்துவிட்டாயா? எதிர்நீச்சல் போடுவாயா? வேகமாக நீந்துவதன் தலைக்குள் மரபுப்பொருள் அறுந்திருக்கலாம். கனமான தலையின் வால் நின்றுபோயிருக்கலாம். எந்த முறையும் கெட்டதை நல்லதாக்குவதில்லை. இருப்பதில் தன் கேள்விக்குப் பதில் சொன்னதை மட்டும் எடுத்துக் கொடுக்கிறது. கன்று பிறக்குமா என்ற கேள்வியை எந்தக் குழாயும் கேட்டதில்லை.

சவ்வு உயிரோடு இருக்கிறதா என்று அறிய எனக்குப் பிடித்த சோதனை மிக எளியது. ஜெயேந்திரனும் சகாக்களும் 1984-இல் மனித விந்தணுக்களில் செய்து காட்டி, பிறகு மாடு, எருமை என்று எங்கும் பரவியது. உப்பு குறைந்த கரைசலில் விந்தணுவை விட்டால், சவ்வு முழுதாக இருப்பது நீரை உள்ளே இழுத்து வீங்கும். வால் தேள்கொடுக்குபோல் சுருளும். சவ்வு கிழிந்தது சும்மா நேராகக் கிடக்கும். கொஞ்சம் பழச்சர்க்கரை, கொஞ்சம் சிட்ரேட், ஒரு நுண்ணோக்கி. சுருண்ட வால்களை எண்ணுவதில் ஒரு தனி மகிழ்ச்சி இருக்கிறது. ஆனால் சோதித்த அந்த விந்தணு மறுபடி எதற்கும் உதவாது.

இனி பேராக்குக்கு வருகிறேன். கோலகங்சாரில் 1877-இல் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்றும் நிற்கிறது. அதற்குப் பிறகு இங்கே பரவிய ரப்பர்க் காடுகளில் எங்கள் பாட்டன்மார் பால் வெட்டினார்கள். குடியிருந்த லயத்துக்குப் பின்னால் மாடு வளர்த்தார்கள். இந்தியாவிலிருந்து வந்த பல இனங்கள் இங்கே கலந்து உருவான அந்த மாடுகளுக்குக் கால்நடைத்துறை 'உள்ளூர் இந்தியப் பால்மாடு' என்றே பெயர் வைத்தது. அதிகப் பால் இல்லை. ஆனால் வெயிலையும் உண்ணியையும் தாங்கும். பிறகு ஃபிரீசியன் வந்தது, சாகிவால் வந்தது, இரண்டும் கலந்த மஃப்ரிவால் வந்தது. விந்து குச்சியில் வந்தது.

தேர்ந்தெடுப்பது என்றால் என்ன என்று தோட்டத்து ஆட்களுக்கு யாரும் பாடம் எடுக்கவேண்டியதில்லை. அவர்கள் வெட்டிய ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற மரம், ஜிர் 1, பி.பி. 86 என்ற இரண்டு ரகங்களைக் கலந்து, பல ஆண்டுகள் பால் அளந்து, நல்லதை மட்டும் ஒட்டுக்கட்டிப் பெருக்கியது. காளையையும் அப்படித்தான் தேர்கிறார்கள். அதன் மகள்கள் வளர்ந்து கறக்கும் பாலை அளந்த பிறகே அதன் தரம் தெரியும். மரத்துக்கும் காளைக்கும் ஆண்டுக்கணக்கு. விந்தணுவுக்கு அரைமணி நேரம். அந்த அரைமணி நேரத் தேர்வில் எவ்வளவு நம்பிக்கை வைக்கலாம் என்பதை இந்த ஒப்பீடே சொல்லிவிடும்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் செம்பனைக்கு மாறியும் போன பிறகு, மாடுகள் மரங்களுக்கிடையே மேய்ந்த இடம் சுருங்கியது. சுங்கை சிப்புட் பக்கத்தில் இன்றும் பத்துப் பதினைந்து மாடு வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த அத்தியாயத்தின் முறைகள் நேரடியாக வந்து சேர்வதில்லை. குச்சியை உருக்கி அப்படியே போடுவதுதான் வயல்வெளியில் வழக்கம். கொட்டகையில் யாரும் பெர்கால் ஊற்றுவதில்லை, ஊற்றவும் வேண்டியதில்லை. கண்ணாடித் தட்டில் கரு உண்டாக்கும்போதும், விந்து மிக அரிதாக இருக்கும்போதும்தான் இவை இன்றியமையாதவை. மலேசியாவின் கடைசி ஆண் சுமத்ராக் காண்டாமிருகமான தாம் 2019 மே மாதம் சபாவில் இறந்தது. அதன் விந்து தரத்தில் குறைந்தது. முட்டை தரவேண்டிய பெண் காண்டாமிருகம் இமான் அதே ஆண்டு நவம்பரில் இறந்தது. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு விந்தணுவைக்கூட வீணாக்க முடியாது. குழாயில் கற்றது அங்கேதான் முழுதாகத் தேவைப்படுகிறது.

சிறு மாட்டுக்காரருக்கு வேறொன்று தேவைப்படுகிறது. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் ஆய்வுக்கூடத்தின் பளபளப்பில் இது மறைந்துவிடுகிறது. உருகிய விந்தணு, புதிய விந்தணு அளவுக்குப் பசுவின் உடலில் உயிரோடு நிற்காது. முட்டை வெளிவருவது பருவம் தொடங்கிச் சுமார் 24 முதல் 30 மணி நேரத்தில். நம் நாட்டு இரத்தம் கலந்த மாடுகளுக்குப் பருவம் குறுகியது. பல சமயம் இரவில் வந்து விடிவதற்குள் அடங்கிவிடும். காலையில் கத்தினால் மாலையில் ஊசி, மாலையில் கத்தினால் மறுநாள் காலையில் ஊசி என்ற பழைய கணக்கு 1940-களிலிருந்து நிற்கிறது. நேரம் தவறினால், எந்தக் குழாயில் எத்தனை முறை வடித்தாலும் சினை பிடிக்காது.

எங்கள் லயத்துக்குப் பின்னால் ஒரு செவலைப் பசு இருந்தது. ஊசி போடுகிறவர் நைட்ரஜன் கலத்தை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். அவருக்கு என் அப்பாவைவிட வயது குறைவு.

"எப்ப கத்துச்சுண்ணே?"

"விடியக்காலம் நாலு மணிக்கு வேலைக்குப் பெரட்டுக்குப் போறப்பவே கத்திக்கிட்டு நின்னுச்சு தம்பி. வழும்பு கண்ணாடி மாரி வருது."

"அப்ப சரியான நேரம்தான். சுடுதண்ணி கொஞ்சம் குடுங்க. ரொம்பச் சூடு வேணாம், கை பொறுக்கணும்."

கலத்தின் மூடியைத் திறந்ததும் வெண்புகை வழிந்து தரையில் படர்ந்தது. நாங்கள் பிள்ளைகள் அதில் கால் நனைக்க ஓடினோம். அவர் இடுக்கியால் குச்சியை எடுத்து ஒரு உதறு உதறி, அம்மா கொண்டுவந்த தகரக் குவளையில் போட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். அந்த அரை நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு குச்சியைத் துடைத்து, நுனியை வெட்டி, ஊசிக்குழலில் ஏற்றினார்.

அவர் போனதும் அப்பா கொட்டகைக் கம்பத்தில் கரியால் ஒரு கோடு போட்டார். தினம் மாலை பால் வெட்டு முடிந்து குளித்துவிட்டு வந்து இன்னொரு கோடு. இருபதாம் கோட்டுக்குப் பிறகு, பசு மறுபடி கத்துகிறதா என்று அவர் இரவில் இரண்டு தடவை எழுந்து விளக்கோடு போய்ப் பார்த்தார். இருபத்தோராம் நாள், இருபத்திரண்டாம் நாள், பசு தலையைத் தூக்காமல் புல்லை மென்றுகொண்டிருந்தது. இருபத்து நான்காம் நாள் மாலை அப்பா கரியை எடுத்துக்கொண்டு கம்பத்தருகே போய், கொஞ்ச நேரம் நின்று, கோடு போடாமல் திரும்பி வந்து, அம்மாவிடம் தவிடு எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார்.